ஒரு என் கூடுதல்

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குக் கீழே
ஹாலன் மெஸ் பலகையில்
போன தை மாதம் நான் எழுதியது:
டி ஐ என் என் ஐ என் ஜி.
டைனிங் ஹால்.
மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல்.
எழுத்துக்கு முப்பது ரூபாய்.

நேற்று யாரோ ஒரு சுற்றுலாக்காரர்
அதன் கீழே நின்று படம் எடுத்துச்
சிரித்துக்கொண்டே போனாராம்.
"என்ன யோகேஸ்வரி,
என் சோற்றில் என்ன சிரிப்பு?"
ஹாலன் போனில் கேட்டபோது
என்னிடம் பதில் இல்லை.

பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கினேன் ஓர் ஆங்கில இலக்கணம்.
அட்டை இல்லை. பாதிக்குமேல் கரையான்.
கரண்ட் போன இரவில்
மெழுகுவத்தியோடு உட்கார்ந்தேன்.

வார்த்தையின் கடைசியில்
சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும் ஈ,
ஐஎன்ஜி ஏறினால்
சத்தமே போடாமல் இறங்கிவிட வேண்டும்,
அரவேணு ஸ்டாப்பில் இறங்குபவரைப்போல.
சரிதான்,
சாப்பிடுகிற இடத்தில் ஈ எதற்கு?

ஈ இறங்கினால் மிச்சம் ஒரே என்.
இரண்டு என் போட்டால்
அது டின் என்ற வேறு வார்த்தையாம்.
இரைச்சல் என்று பொருளாம்.
ஆக நான் எழுதியது இரைச்சல் மண்டபம்.
ஞாயிறு மதியம்
கோயமுத்தூர் வேன்கள் ஐந்து வந்து நிற்க,
ரசம் எங்கே, அப்பளம் எங்கே என்று
பிள்ளைகள் தட்டைத் தட்டும்போது
அது ஒன்றும் பிழையில்லை.

குறிலுக்குப் பின் ஒற்று இரட்டிக்கும்,
நெடிலுக்குப் பின் இரட்டிக்காது.
அட,
பல், பல்லில்.
பால், பாலில்.
இதை நாற்பது வருடமாக
என் வாய் தானாகவே செய்கிறது.
கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அடுத்த பக்கம் ஒய்.
பலகையில் ஒய் எழுத எனக்குப் பிடிக்கும்,
வாலை இழுத்து
ஒரு சுழி சுழித்து விடலாம்.
அந்த வாலைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.
க்ரை அழுது முடித்தால் ஒய் ஐ ஆகிறது.
மேரி கல்யாணம் முடித்தாலும் அப்படியே.
பிள்ளையார்சுழிபோல் நான் போட்டுவந்த கையெழுத்து
வரதராசன் பெயர் வந்து ஒட்டியபிறகு
ரேஷன் கார்டில் எப்படிச் சுருங்கியது என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
மெழுகு விரலில் சொட்டியது.

ஆனால்
பக்கத்தில் ஓர் உயிர் இருந்தால்
ஒய்யை யாரும் தொட முடியாது.
ஸ்டே, ஸ்டேயிங், ஸ்டேய்ட்.
தங்கியவர் தங்கியபடியே.
இந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.
கீழே பொடி எழுத்தில் விலக்கு:
பே, பெய்ட்.
உயிர் கூடவே இருந்தும்
காசு கைமாறினால்
ஒய் ஐ ஆகிவிடுமாம்.
அதற்குக் காரணம் புத்தகத்தில் இல்லை.
வரதராசன் திருப்பூர் போனதற்கும் இல்லை.

காலையில் மஞ்சு விலகுமுன்
ஏணி, தின்னர், பனியன் துணி.
இரண்டாம் என்னைத் துடைத்தேன்.
நடுவில் முன்பல் விழுந்ததுபோல் ஓட்டை.
அங்கே ஆவி பறக்கும் ஒரு தம்ளர் வரைந்தேன்.
ஈரம் பட்டால் தம்ளருக்குள்
இன்னும் அந்த என் தெரிகிறது.

ஹாலன் கீழேயிருந்து பார்த்தார்.
"ஓர் எழுத்து குறைந்தது. முப்பதைக் கழி."
"தம்ளர் நாற்பது" என்றேன்.
பத்து ரூபாயும்
ஒரு தட்டு அவரைக்குழம்புச் சோறும் கிடைத்தன.
சிரிக்காமல் சாப்பிட்டேன்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கும்போது
குஞ்சப்பனைக்கு மேலே, ஒரு வளைவில்
பத்து வருடத்துக்கு முன் நான் எழுதிய போர்டு:
நோ ஸ்டாப்பிங்.
ஒரே ஒரு பி.
குறில். இரட்டித்திருக்க வேண்டும்.

அங்கே யாரும் நிற்பதில்லை.
அதனால் இதுவரை
யாரும் சிரிக்கவும் இல்லை.